கடைசித் தட்டு எலிகள்

அவளுக்கு எலி அத்தை என்று பெயர் வைத்தது அண்ணன் மகள். மழலையில் வைத்த பெயர், அந்தப் பிள்ளை வளர்ந்து வேறு ஊருக்குப் படிக்கப் போன பிறகும் தங்கிவிட்டது. தெருமுனைக் கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவள் கோபித்துக்கொண்டதில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு. செய்கிற வேலையைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும்?

கல்யாணம் என்று ஒன்று நடந்து, அது நிலைக்காமல் போனபோது, ஒரு பெட்டியோடு அவள் வந்து நின்ற இடம் அண்ணன் வீடு. ஏன் வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்று அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னறையில் அடைந்து கிடந்த சாமான்களை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, கட்டிலை இழுத்து விரித்துக் கொடுத்தார். அவர் பஸ் டிரைவர். பேச்சைவிடக் கையும் காலும்தான் அவருக்கு முந்தும். அன்றிலிருந்து அவள் அந்த வீட்டில் உரக்கப் பேசியதில்லை. இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதே தான் கொடுக்கிற வாடகை என்று நினைத்துக்கொண்டாள்.

எலி அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்தால் மரத்தூளும் மூத்திரமும் கலந்த நெடி முகத்தில் அறையும். சுவரோரம் ஓர் இரும்பு அலமாரி, அதில் ஐந்து தட்டுகள், தட்டு நிறையக் கூண்டுகள். மேல் தட்டில் நோயில்லாத எலிகள். மற்ற நாலு தட்டு எலிகளுக்கும் மருந்து கொடுத்துச் சர்க்கரை நோய் வரவழைத்திருந்தார்கள். இரண்டாம் தட்டுக்கு எந்தச் சிகிச்சையும் இல்லை. மூன்றாம் தட்டுக்கு இன்சுலின் ஊசி. நாலாம் தட்டுக்கு இன்சுலினோடு கறுப்புத் திராட்சைத் தோலிலிருந்து எடுத்த சாறு. கடைசித் தட்டுக்கு ஊசி இல்லாமல் சாறு மட்டும்.

சர்க்கரை எலி எது என்று கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். தண்ணீர் பாட்டிலை உறிஞ்சித் தீர்த்துவிட்டு மேலும் கேட்டு மூக்கை நீட்டும். காலையில் போட்ட மரத்தூள் மாலைக்குள் சேறாகிவிடும். மாலை ஆனால் அவள் ஊசி மருந்தை எடுப்பாள். எலியின் பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, ஊசியைச் சொருகி எடுத்து, திரும்பக் கூண்டில் விடுவாள். எலி ஒரு கீச்சுக்கூடப் போடாது. பல் துலக்குவதுபோல், கதவைத் தாழிடுவதுபோல், கை தன் பாட்டுக்குச் செய்துவிடும் வேலை அது. இன்சுலினுக்கு ஒரு வாடை உண்டு, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைப் பிரித்தால் வருமே, அதுபோல. கையுறை போட்டாலும், சோப்புப் போட்டுத் தேய்த்தாலும், வீடு வரைக்கும் அது தன்னோடு வருவதாகவே அவளுக்குத் தோன்றும்.

ஒரு நாள் ஆராய்ச்சி செய்கிற மேடம் அவளை மாடிக்குக் கூப்பிட்டார். உங்கள் பிள்ளைகள் என்ன மார்க் வாங்கியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா என்றார். அங்கே ஒரு கண்ணாடிக் குழாயில் வெதுவெதுப்பான உப்புநீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் இரண்டு மெல்லிய கொக்கிகளுக்கு நடுவே சின்னஞ்சிறு வளையம் ஒன்று தொங்கியது. எறும்புக்கு மோதிரம் செய்தால் அப்படி இருக்கும். எலியின் பெரிய ரத்தக் குழாயிலிருந்து அறுத்த துண்டு.

நல்ல குழாய் என்றால் தேவைப்படும்போது இளகி ரத்தத்துக்கு வழி விடும் என்று மேடம் விளக்கினார். சர்க்கரை மிகுந்த ரத்தம் ஓடி ஓடி, குழாயின் உட்புறத்தில் ஒருவகைத் துரு பிடித்ததுபோல் ஆகிவிடுகிறது. அப்புறம் அது விறைத்துக்கொண்டு நிற்கும். கண்ணுக்குப் போகும் குழாய், சிறுநீரகத்துக்குப் போகும் குழாய், காலுக்குப் போகும் குழாய் எல்லாவற்றுக்கும் அதே கதி. பழத்தோலின் கருநீலச் சாயத்துக்கு அந்தத் துருவை அடக்கும் சக்தி உண்டா என்பதுதான் கேள்வி.

மேடம் நீரில் ஒரு சொட்டு மருந்து விட்டார். முதலில் இரண்டாம் தட்டு எலியின் வளையம். திரையில் ஓடிய கோடு அசைந்து கொடுக்கவில்லை. பிறகு நாலாம் தட்டு எலியுடையது. அதே சொட்டு. கோடு மெல்லச் சரிந்து, சரிந்து, கீழே வந்து படுத்துக்கொண்டது. நெடுநாள் முறைத்துக்கொண்டிருந்த ஒருவர் முகம் இளகுவதைப் பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு. அந்த எலிக்குச் சாறு புகட்டியது அவள் கை அல்லவா.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அவளால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. வளையத்தைச் சொன்னாள், கொக்கியைச் சொன்னாள், கோடு சரிந்ததைக் கையால் காற்றில் வரைந்து காட்டினாள். அண்ணி பரிமாறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அண்ணன் சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். தன் பேச்சை அந்த வீட்டில் இரண்டு பேர் இத்தனை நேரம் கேட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"மனுசன் நோயை எலிக்கு வரவச்சு, எலிக்குச் சரியாகிற மருந்தை மனுசனுக்குக் குடுக்கிறீங்க," என்றார் அண்ணன். "நடுவுல எலிக்கு என்ன லாபம்?"

அண்ணி சிரித்துவிட்டாள். அவளும் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் ஒன்றைச் சொல்லாமல் விட்டாள். நாலாம் தட்டு எலிக்கு மாலைதோறும் இன்சுலினும் போகிறது என்பதை. வேண்டுமென்று மறைக்கவில்லை. சோறாக்கிய கதையைச் சொல்கிறவள் அடுப்பைப் பற்ற வைத்தேன் என்று தனியாகவா சொல்வாள்? ஊசி அவளுக்கு அடுப்பு மாதிரி.

அண்ணனுக்கு அது அடுப்பு இல்லை, தலைக்கு மேல் தொங்கிய கத்தி. பல வருடச் சர்க்கரை. மாத்திரைக்கு மசியாமல் போகவே, போன வருடம்தான் டாக்டர் இன்சுலினுக்கு மாற்றியிருந்தார். ஊசி போடுகிறவர்கள் பயணிகள் பஸ்ஸை ஓட்டக்கூடாது என்பது கம்பெனி விதி. அவர் இன்னும் மாத்திரையில்தான் இருக்கிறார் என்றே கம்பெனி நினைத்துக்கொண்டிருந்தது. வருடாந்தரப் பரிசோதனைக்கு இன்னும் சில மாதம்தான் இருந்தது. ஸ்டியரிங் இல்லாத அண்ணனை அவர்கள் மூன்று பேராலும் கற்பனை செய்ய முடியவில்லை.

மறுநாளே ஒரு கூடை கறுப்புத் திராட்சை வீட்டுக்கு வந்தது. அண்ணி தோலை உரித்து, பழைய செய்தித்தாளில் பரப்பி, ஜன்னலோரம் காயவைத்து, பொடித்து டப்பாவில் அடைத்தாள். வீடே புளித்த வாடை அடித்தது. தினமும் காலையில் வெந்நீரில் ஒரு கரண்டி. அண்ணனின் நாக்கு ஊதாவாகிப்போனது. பேனாவைச் சப்பினாயா என்று டிப்போவில் கேலி செய்கிறார்களாம். அதை அவரே வந்து சொல்லிச் சிரித்தார். உடம்பு லேசாக இருக்கிறது என்றார். நல்லதுதானே என்று அவளும் விட்டுவிட்டாள். ஊசியோடு ஊசியாக இதுவும் போனால் கெடுதல் என்ன?

ஊசி போட்டுக்கொள்ள அவர் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பேனா மாதிரி இருக்கும் ஊசி. திருகும் சத்தம் வெளியே கேட்கும். அப்புறம் குழாய்த் தண்ணீர் ஓடும். அவர் வெளியே வந்த பிறகு அவள் போய் முகம் கழுவும் தொட்டிமுன் நிற்பாள். அப்போதெல்லாம் அந்தப் பிளாஸ்திரி வாடை மூக்கில் ஏறும். தன் கையை மோந்து பார்த்துக்கொள்வாள். எலி அறை தன்னை விடவே விடாது போலிருக்கிறது என்று நினைத்து, இன்னொரு தடவை சோப்புப் போடுவாள்.

குளிர்காலம் தொடங்கிய ஒரு சாயங்காலம், அண்ணன் கழற்றிப் போட்ட சாக்ஸை எடுத்த அண்ணி, இது என்ன ஈரம் என்று விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். வலது ஷூவைத் தட்டினால் ஒரு நட்டு விழுந்தது. பஸ்ஸின் அடியில் எங்கோ முறுக்கிக் கிடக்க வேண்டிய சின்ன இரும்பு நட்டு. அதன்மேல் காலை வைத்து, நாள் முழுக்க பிரேக்கை மிதித்து மிதித்து ஓட்டியிருக்கிறார். கட்டைவிரலுக்குக் கீழே சதையில் நட்டின் வடிவமே பதிந்து குழிந்திருந்தது.

"வலிக்கலையாங்க?" என்றாள் அண்ணி.

"வலிச்சா எடுத்திருக்க மாட்டேனா?" என்றார் அண்ணன்.

எலி அத்தை குனிந்து அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்த காலைவிட அது சில்லென்று இருந்தது.

வீட்டு வைத்தியம் பார்த்த சில நாளில் இரண்டு விரல் கறுத்தது. காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, கணுக்காலில் ஒரு கருவியை வைத்து ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்டார்கள். இடது காலில் குதிரை ஓடுவதுபோல் கேட்டது. வலது காலில் தூரத்தில் யாரோ துணி உதறுவதுபோல், விட்டு விட்டு.

காலைப் பார்க்க வந்த சர்ஜன் நிதானமான மனிதர். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, இன்சுலினை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டார். போடுகிறேன் என்றார் அண்ணன். ஒரு வேளைகூடத் தவறவில்லையா? தவறவில்லை. அவர் தவறவே மாட்டார், கடிகாரம் மாதிரி போவார் என்று அண்ணியும் சாட்சி சொன்னாள்.

சர்ஜன் தாளை மடித்தார். "அப்படின்னா நான் ஒளிக்காம சொல்றேன். இவ்வளவு மருந்து போட்டும் மூணு மாசச் சர்க்கரை இந்த அளவுல நிக்குதுன்னா, உடம்பு மருந்துக்கே அடங்கலைன்னு அர்த்தம். புண் ஆறும்னு காத்திருந்தா விஷம் மேல ஏறும். முழங்காலுக்குக் கீழ எடுத்துடறதுதான் உயிருக்குப் பாதுகாப்பு. நாளைக்கு முடிவு பண்ணுவோம்."

அண்ணி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் கூரையைப் பார்த்தபடி சரி என்று தலையாட்டினார். பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போட வந்த நர்ஸ் மருந்துப் புட்டியைத் திறந்தாள். அந்த வாடை காற்றில் மிதந்து எலி அத்தையிடம் வந்தது.

அவள் தன் கையை மோந்தாள். கையில் ஒன்றும் இல்லை. அண்ணனோடு இருப்பதற்காக லீவு போட்டுப் பல நாளாகியிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டுக் குளியலறையில் அந்த வாடை வேலை நாளில் மட்டுமா அடித்தது? எலி அறைப் பக்கமே போகாத விடுமுறை நாளிலும் அடித்ததே. தொட்டிக்குள்ளிருந்து அல்லவா அடித்தது.

அண்ணி காப்பி வாங்கக் கீழே போகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு ஸ்டூலைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டாள்.

"அண்ணா, ஊசி மருந்தைத் தொட்டியில ஊத்திக்கிட்டு இருந்தீங்களா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "திராட்சை வந்த நாள்லேருந்து," என்றார்.

ஏன் என்று அவள் கேட்காமலே அவர் சொன்னார். ஊசி இல்லாமல் பரிசோதனைக்குப் போய் நின்றுவிடலாம் என்று நினைத்தாராம். எலிக்கே கேட்டது, எனக்குக் கேட்காதா என்று நினைத்தாராம். உடம்பும் நன்றாக இருப்பதுபோல்தான் இருந்ததாம்.

"அந்த எலிக்கு ஊசியும் போட்டேன் அண்ணா," என்றாள். "நான்தான் போட்டேன். என் கையால. உங்ககிட்ட அதைச் சொல்லாம விட்டுட்டேன்."

அண்ணன் இப்போது கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்கு எங்கே தப்பியது என்று தெரிந்துகொண்ட மாணவன் முகம்.

"ஊசி இல்லாம, வெறும் தோலை மட்டும் தின்ன எலி இருந்துச்சா?"

"இருந்துச்சு. கடைசித் தட்டு."

"அதுங்க?"

அவள் சொன்னாள். மரத்தூள் சேறானதை, முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டதை, காலையில் கதவைத் திறந்ததும் எது அசையவில்லை என்று முதலில் அந்தத் தட்டைத்தான் பார்க்க வேண்டியிருந்ததை. அவற்றின் குழாய் வளையம் கொஞ்சம் இளகியது உண்மைதான். ஆனால் அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அவை பிழைக்கவில்லை. சாறு துருவைத் துடைக்கப் பார்க்கும், துரு ஏற்றுகிற சர்க்கரையை ஊசிதான் தடுக்கும் என்று மேடம் சொன்னதையும் சொன்னாள். இதையெல்லாம் அன்றைக்குச் சாப்பாட்டில் சொல்லியிருக்க வேண்டும். செத்த எலியைப் பற்றிச் சோற்றுக்கு முன்னால் எப்படிப் பேசுவது என்று விட்டுவிட்டாள்.

"சரி விடு பாப்பா," என்றார் அண்ணன். "டாக்டர்கிட்ட நான் போட்டேன்னு சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். இப்ப மாத்திச் சொன்னா ஏன்னு கேப்பாங்க. உங்க அண்ணி உன்னைத்தான் பிடிச்சுக்குவா. உன் வேலைக்கும் ஆபத்து. ஒரு காலு தானே. நீ எங்க போவ?"

நீ எங்கே போவாய் என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பெட்டியோடு வந்து நின்ற நாளில் கேட்காததை, அவளை அங்கேயே வைத்துக்கொள்வதற்காக இப்போது கேட்டார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அண்ணி காப்பியோடு கதவருகே வந்துகொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து, அண்ணியின் கையைப் பிடித்தாள். தெரியாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தால் அது இன்னொரு மறைப்பு.

"வாங்க அண்ணி. டாக்டர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நீங்களும் கேக்கணும்."

நடைபாதையில் சர்ஜனை நிறுத்தி அவள் சொன்னபோது குரல் அவளுக்கே கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் அவர். அவள் சத்தமாகச் சொன்னாள். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக அவள் எதையும் சொன்னதில்லை. திராட்சையைச் சொன்னாள், தொட்டியைச் சொன்னாள், தான் விட்ட பாதிக் கதையைச் சொன்னாள். எத்தனை மாதமாக ஊசி இல்லை என்று சர்ஜன் கேட்டுக்கொண்டார். அவர் வாயிலிருந்து திட்டு வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"அப்ப இந்த உடம்பு மருந்தோட சண்டை போட்டுத் தோக்கலை," என்றார். "மருந்தே இல்லாம நின்னிருக்கு. அது வேற. இங்க ஊசி போட்டுச் சர்க்கரையை இறக்கி, அடைச்ச குழாயைத் திறந்து பார்க்கலாம். காய்ச்சல் ஏறினா அந்தப் பேச்சு கிடையாது, எடுத்துடுவேன். விரல் ரெண்டும் எப்படியும் போகும். மிச்சத்துக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

அவர் போனார். அண்ணியின் கையிலிருந்த காப்பி ஆறிப்போயிருந்தது.

"திராட்சையை உரிச்சவ நான்," என்றாள் அண்ணி. "காயவச்சவ நான். கரண்டி போட்டுக் கலக்கிக் குடுத்தவ நான். கூடவே இருந்தியேடி. ஒரு வார்த்தை."

அதற்குமேல் அவள் பேசவில்லை. அன்று மட்டுமல்ல, அடுத்து வந்த நாட்களிலும் பேசவில்லை. ஒரே பெஞ்சில் இந்த ஓரம் ஒருத்தி, அந்த ஓரம் ஒருத்தி. நடுவில் சாப்பாட்டு டப்பா.

அந்த நாட்களுக்குள் அவள் ஒரு தடவை ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய் மேடத்திடமும் சொன்னாள். வேலையை விட்டு நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் போனாள். மேடம் திரையை விட்டு நாற்காலியைத் திருப்பினார். அன்றைக்குக் கடைசித் தட்டைக் காட்டாமல் நல்ல வளையத்தைக் காட்டியது நான்தானே என்றார். இனிமேல் யார் பார்க்க வந்தாலும் கடைசித் தட்டை முதலில் காட்டிவிட்டுத்தான் மற்றது என்றார். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. ஆறுதலுக்கென்று அவர் சொல்லவும் இல்லை.

காய்ச்சல் ஒரு நாள் ஏறியது. அன்று முழுக்க அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் இறங்கியது. தொடையிலிருந்து ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி அடைப்பைத் திறந்தார்கள். பிறகு கறுத்த இரண்டு விரலையும் எடுத்தார்கள். எடுத்த இடம் ஆறுமா, அழுகுமா என்பது கட்டைப் பிரித்தால்தான் தெரியும்.

கட்டைப் பிரித்த அன்று காலையில் சர்ஜன் பாதத்தைக் கையில் ஏந்தி, மிச்சமிருந்த ஒரு விரலின் நுனியை அழுத்திவிட்டு எடுத்தார். அழுத்திய இடம் மெழுகுபோல் வெளுத்திருந்தது. வெளுப்பின் ஓரத்தில் லேசாகச் சிவப்பு தெரிந்தது. அது மெதுவாக, மிக மெதுவாக, உள்ளே பரவி நடுவரைக்கும் வந்தது. சர்ஜன் மறுபடி அழுத்தினார். மறுபடி வந்தது.

"காலு இருக்கும்," என்றார். "பஸ்ஸு இருக்காது. ஊசியை இனி யாராவது பக்கத்துல நின்னு பார்த்துப் போட வைக்கணும்."

அண்ணன் தலையைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். வெளியே ரோட்டில் எந்தப் பஸ் போகிறது என்று அவருக்குச் சத்தத்திலேயே தெரியும். இரண்டு போகும்வரை அப்படியே இருந்தார். பிறகு, "கியர் சரியா விழலை அந்த வண்டிக்கு," என்றார், யாரிடமும் இல்லாமல்.

அண்ணி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் எதிர்ச் சுவரோரம் நின்றாள். டப்பாவைத் திறந்த அண்ணி மூடியில் பாதியை வைத்து, பெஞ்சின் நடுவுக்குத் தள்ளினாள்.

"உட்காரு. உன்னைத் திட்டறதுக்கு எனக்கு நிறைய இருக்கு. அதுக்கு எனக்கும் தெம்பு வேணும், கேக்கிறதுக்கு உனக்கும் தெம்பு வேணும். சாப்பிடு."

அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். முதல் வாய் இறங்குவதற்குள் அண்ணி திட்ட ஆரம்பித்துவிட்டாள்.